கிறவல் றோட்டில் மினுங்கிய மஞ்சள் விளக்கு

என்னுடைய கார் ஓட்டம் சரியில்லை என்று நிரூபிப்பதற்காகவே என் கணவர் கொழும்பிலிருந்து ஒரு மிஷின் எடுப்பித்தார். நான் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அவரைக் கேட்டால் காரின் நன்மைக்காக என்பார். கார் சுகமாக இருக்கிறதா என்று அவருக்கு அறிய வேண்டியிருந்ததாம். நானும் அதே காருக்குள்தான் இருந்தேன். என்னை ஒருவரும் சுகம் விசாரிக்கவில்லை.

மிஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் காருக்கு ஒரு சொக்கெற் இருக்கிறது. அதுவரை அப்படியொன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அதில் பெட்டியைச் செருகினால், காரின் கம்பியூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய போனுக்கும் தெரியவரும். எஞ்சின் சூடு, பற்றரி, பெற்றோல் எல்லாம் எண்களாக வந்து நிற்கும். ஏதாவது பிழை என்றால் போன் 'டிங்' என்று சத்தம் போடும்.

என் கணவர் எண்களை நம்புகிற மனிதர். குளத்தின் தண்ணீர் மட்டத்தை அளவுகோலில் பார்த்துச் சொல்லுவதுதான் அவர் ஓய்வு பெறும்வரை செய்த வேலை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றினாலும் அளவுகோலில் தண்ணீர் ஏறும்வரை மழை பெய்ததாக அவர் ஒத்துக்கொண்டது கிடையாது. எனக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க மாட்டார். தெர்மாமீற்றரைத் தேடி அலுமாரியைக் கிளறுவார். ஓய்வு பெற்ற பிறகு பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லாமல் வீட்டில் அந்தரப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நான் லைசென்ஸ் எடுத்தேன்.

நான் ஆரம்பப் பிரிவு ரீச்சராக இருந்தவள். கிளிநொச்சிச் சந்தியை ஸ்கூட்டியில் குறுக்கறுத்தே தலை நரைத்தவள். மகள் கனடாவுக்குப் போய், நானும் ஓய்வு பெற்ற பிறகு, ஐம்பது கடந்த வயதில் கார் பழகி முதல் தடவையிலேயே பாஸ் பண்ணினேன். வீட்டுக்கு வந்து லைசென்சைக் காட்டினேன். இவர் அதைத் தூரப் பிடித்துப் பார்த்து, கிட்டப் பிடித்துப் பார்த்து, "படம் நல்லாய்த்தான் வந்திருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு வந்தது சட்டம். பஸ்ஸும் லொறியும் பறக்கிற ஏ-ஒன்பது பெருந்தெருவில் நான் ஓடக்கூடாது.

"கொழும்பு பஸ் வாற வரத்து உனக்குத் தெரியுமே?" என்று கேட்டார்.

"தெரியும். ஸ்கூட்டியிலை போகேக்கை என்ரை சீலைத்தலைப்பை உரசிக்கொண்டு போனதெல்லாம் அந்த பஸ்தான்."

"அது ஸ்கூட்டி. ஒதுங்கலாம்."

அவருடைய அக்கா, அதாவது என் மச்சாள், முரசுமோட்டையில் வயற்கரைப் பக்கம் இருக்கிறார். கிழமைக்கொருதரம் அங்கே போவோம். வீட்டிலிருந்து பரந்தன் சந்திக்கு அவர் ஓடுவார். சந்தியில் திரும்பி முல்லைத்தீவு றோட்டாலும் அவர்தான். தார் முடிந்து வாய்க்கால் கரையோடு கிறவல் றோட்டு, அதாவது சரளைக்கல் றோட்டு, தொடங்குகிற இடத்தில் காரை நிறுத்தி இறங்குவார். நானும் இறங்குவேன். இருவரும் காரைச் சுற்றி ஆளுக்கொரு பக்கமாக நடந்து இடம் மாறுவோம். அங்கிருந்து மச்சாள் வீடுவரை கார் என்னுடையது. திரும்பி வரும்போதும் அதே இடத்தில் மறுபடியும் சுற்றுவோம்.

"இஞ்சை மாடுதானே வரும்," என்று அதற்கு விளக்கமும் தந்தார். "மாட்டை இடிச்சால் மாட்டுக்காரனோடை கதைக்கலாம். பஸ்ஸை இடிச்சால் ஆரோடை கதைக்கிறது?"

அந்த றோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெல் ஏற்றுகிற உழவு மெஷின்கள் ஓடி ஓடி, கிறவல் முழுக்க வரி வரியாக எழும்பி நிற்கும். அதில் கார் போனால் பல்லோடு பல் தட்டும். தான் ஓடினால் காரின் அடிப்பாகம் தேய்ந்துபோகும் என்று அவருக்குப் பயம். நான் ஓடினால் தேயாது என்று எங்கே படித்தாரோ தெரியாது. நான் ஓடுகிற நேரம் முழுக்க அவருடைய வலக்கை ஹான்ட்பிரேக்கில் இருக்கும். குழந்தை கட்டிலால் விழாமல் தாய் ஒரு கை வைத்துக்கொண்டு படுப்பது போல.

மிஷின் பூட்டிய முதல் பயணத்திலேயே சத்தம் வந்தது. வாய்க்கால் கரையில் கொஞ்சத் தூரம் போயிருப்போம். டாஷ்போர்ட்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கொன்று பளிச்சென்று எரிந்து மினுங்கத் தொடங்கியது. போன் 'டிங், டிங்' என்றது. விளக்கு முன்பும் மினுங்கியதோ என்னவோ, போன் சத்தம் போடும்வரை நாங்கள் அதைக் கவனித்ததில்லை.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!"

நிறுத்தினேன். போனை மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு திருப்தி. குளம் நிரம்பி வழிந்து வான் பாய்கிறபோது அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"மிஸ்ஸிங் அடிக்குது," என்றார்.

"எனக்கொண்டும் தெரியேல்லையே. கார் நல்லாய்த்தானே போகுது."

"உனக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும்."

அன்றைக்கு மச்சாள் வீட்டில் சோறு ஆறும்வரை எனக்கும் மச்சாளுக்கும் விளக்கினார். எங்களுடைய காருக்கு மூன்று சிலிண்டர். மூன்று பேர் ஓர் உரலில் மாறி மாறி மா இடிப்பது போல, ஒவ்வொன்றாக நெருப்புப் பிடித்து எஞ்சின் தண்டைத் தள்ளிச் சுற்றும். ஒன்று நெருப்புப் பிடிக்காமல் விட்டால் அந்த ஒரு தள்ளு இல்லாமல் போகும். தண்டு மயிரிழை பிந்தும். தண்டோடு ஒரு பற்சில்லு, பல் வைத்த சக்கரம், இருக்கிறது. பக்கத்தில் சென்சர் ஒன்று குந்தியிருந்து, ஒரு பல் போய் அடுத்த பல் வர எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு பல் பிந்தினால் கம்பியூட்டர் ஒரு புள்ளி போடும். எப்போதாவது ஒன்றிரண்டென்றால் மன்னித்துவிடும். தொடர்ந்து வந்தால் விளக்கை எரிய விடும். மிகவும் கூடினால் விளக்கு மினுங்கும். எரியாத பெற்றோல் சைலென்சர் பக்கம் போய் அங்கே எரிந்து சாமானைப் பழுதாக்கிவிடும், உடனே காலை எடு என்பதுதான் அந்த மினுக்கத்தின் பொருள்.

"அப்ப உள்ளுக்கை நெருப்புப் பிடிச்சதோ இல்லையோ எண்டு அது எட்டிப் பாக்கிறதில்லையோ?" என்று மச்சாள் கேட்டார்.

"நெருப்பை அது காணுறதில்லை, அக்கா. சில்லுத் தடுமாறுறதைத்தான் காணுது. அதை வைச்சுக் கண்டுபிடிக்குது."

அந்த வசனத்தை நான் அப்போதே மனதுக்குள் முடிந்து வைத்தேன். எதற்கு உதவும் என்று தெரியாது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவளுக்கு, ஒருவன் தன் விடையைத் தானே கவிழ்க்கிற இடம் காதில் தட்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் இதே கதைதான். தார் றோட்டில் அவர் ஓடினால் சைபர். கிறவல் றோட்டில் நான் ஓடினால் புள்ளி ஏறும், விளக்கு மினுங்கும். போன் திரையைப் படம் பிடித்துக் கனடாவிலிருக்கும் மகளுக்கு அனுப்பினார். 'அப்பா: 0. அம்மா: 46' என்று கீழே எழுதியும் விட்டார். அவள் கண்ணீர் வரச் சிரிக்கிற முகமொன்றைத் திருப்பி அனுப்பினாள். யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

காரைக் கராஜுக்குக் கொண்டு போனோம். பிளக் மாற்றினார்கள். கொயில் கழற்றிப் பார்த்தார்கள். எல்லாம் புதிது போல இருந்தது. வேலைப் பையன்களை அதட்டிக்கொண்டிருந்த கராஜ்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எத்தினையாம் சிலிண்டர் எண்டு சொல்லுது, அண்ணை?"

"எல்லாம். மூண்டையும் சொல்லுது."

அவர் தலையைச் சொறிந்தார். "பிளக் பிழையெண்டால் ஒண்டைக் காட்டும். கொயில் பிழையெண்டாலும் ஒண்டைத்தான் காட்டும். இது மூண்டையும் காட்டுதெண்டால்... அக்கா கிளச்சிலை காலை வைச்சுக்கொண்டு ஓடுறாவோ தெரியாது."

"அக்கா இஞ்சைதான் நிக்கிறன், தம்பி," என்றேன்.

இரண்டு ஆண்களும் என் காலைப் பார்த்தார்கள். செருப்புக் காரணமாக இருக்கலாம் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்டினார். எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக் கழற்றியிருப்பேன். ஆனால் அது ஓடுவதற்காக இருந்திருக்காது.

இதற்கிடையில் இவருடைய கண் மங்கிக்கொண்டே வந்தது. தூரத்தில் வருவது மாடா, மோட்டார் சைக்கிளா என்று என்னைத்தான் கேட்பார். ஏ-ஒன்பதில் என்னை ஓட விடாமல் காப்பாற்றிய மனிதர் இவர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் வீட்டு மதிலோடு காரை உரசிவிட்டு, மதில் வெளியே வந்துவிட்டது என்று சாதித்தார். பிறகு நான் விடவில்லை. வவுனியாவில் கண் டொக்டரிடம் பஸ்ஸில் கூட்டிப்போனேன். கண்ணில் பூ விழுந்திருக்கிறது, வெட்டி எடுக்க வேண்டும் என்று திகதி தந்தார். காலையில் போனால் பின்னேரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் கண்ணை மூடி விடுவார்கள். பஸ்ஸில் இடிபடக் கூடாது. அவர் வாகனம் ஓடவும் கூடாது.

"அப்ப ஆர் ஓடுறது?" என்று வழியில் யோசித்தார்.

"நான்தான்," என்றேன்.

"மருமகனின்ரை வானைச் சொல்லுவம்," என்றார், நான் ஒன்றும் சொல்லாதது போல.

மருமகன் என்றால் மச்சாளின் மூத்த மகன். ஹயர் வான் வைத்திருக்கிறான். நல்ல பிள்ளை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் பின்னால் நெருப்புப் பிடித்தது போல ஓடுவான். அவனோடு ஒருமுறை ஓமந்தை வரைக்கும் போய் வந்து இரண்டு நாள் எனக்குத் தலை சுற்றியது. அவனை நம்பி ஏறுவாராம்; என்னை நம்ப மாட்டாராம். கண் தெரியாமல் போகிற நேரத்திலும் பக்கத்தில் நான் வேண்டாம் என்கிறாரே என்பதுதான் எனக்குச் சுட்டது. காரோ றோட்டோ அல்ல. இந்த மனிதரை வவுனியாவுக்குக் கொண்டு போய்த் திருப்பிக் கொண்டு வருவது நான்தான் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி காட்டியது ஐயர்.

மச்சாள் புது வீடு கட்டி முடித்துக் குடிபூரலுக்கு நாள் வைத்திருந்தார். அன்று விடியற்காலையில் ஐயரின் மோட்டார் சைக்கிள் செயின் அறுந்துவிட்டது. நல்ல நேரம் போய்விடும், ஐயரை ஏற்றிக்கொண்டு ஓடி வாருங்கள் என்று மச்சாள் போனில் அழாக்குறையாகச் சொன்னார். ஐயரை முன் சீற்றில் இருத்தினோம். அவர் மடியில் கும்பச் செம்பு, காலடியில் தர்ப்பைக் கட்டு. பின் சீற்றில் வாழைக்குலையோடும் தட்டங்களோடும் நான். போனை வைக்க இடமில்லாமல் என்னிடம் நீட்டினார் இவர்.

"வைச்சிரு. விழுத்திப்போடாதை."

கிறவல் றோட்டு தொடங்குகிற இடம் வந்ததும் பழக்க தோஷத்தில் காரை நிறுத்திக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். பிறகு ஐயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீங்களே ஓடுங்கோ," என்றேன். "ஐயாவை வைச்சுக்கொண்டு நான் மிஸ்ஸிங் அடிக்கக்கூடாது."

காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினார். கார் வாய்க்கால் கரையில் இறங்கியது. செம்புத் தண்ணீர் தளும்பியது. போன் 'டிங்' என்றது.

"ஒண்டு," என்றேன்.

அவர் கியரை மாற்றினார்.

"நாலு... ஒன்பது... பதினெட்டு."

"சும்மா இரன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"என்னம்மா எண்ணுறீங்கள்?" என்று ஐயர் கேட்டார்.

"இவர் விடுற பிழையளை எண்ணுறன், ஐயா."

"கலியாணம் முடிச்ச நாளிலையிருந்தோ?" என்று கேட்டுவிட்டு ஐயர் தானே சிரித்தார். பிறகு முன்னால் குனிந்து, "உதிலை மஞ்சளாய் ஏதோ மினுங்குது, கண்டனீங்களோ?" என்றார்.

மங்கிய கண்ணோடு இவர் டாஷ்போர்ட்டைப் பார்த்தார். அந்த விளக்கு எனக்கு மினுங்கியபோதெல்லாம் தெளிவாகத் தெரிந்த கண்தான் அது. "அது... அதொண்டுமில்லை, ஐயா. சிலவேளை அப்பிடித்தான்," என்றார்.

மச்சாள் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐம்பத்திரண்டு. என்னுடைய கணக்கைத் தாண்டிவிட்டார். திரையைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பத் தெரியாமல் தடுமாறி, கடைசியில் ஐயரின் முழங்காலைப் படம் பிடித்து அனுப்பிவிட்டேன்.

குடிபூரல் நன்றாக நடந்தது. பால் பொங்கியது. எல்லோரும் சாப்பிட்டார்கள். திரும்பி வரும்போது காரில் நாங்கள் இருவரும்தான். காரில் ஏறியதுமே தொடங்கினார்.

"ஐயர் கொஞ்சம் கனமான ஆள். அதுதான் எஞ்சின் இழுத்திருக்குது."

"இப்ப ஐயர் இல்லை. வாழைக்குலையும் இல்லை. ஓடுங்கோ பாப்பம்."

ஓடினார். புள்ளி ஏறியது. நடுவழியில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டு நின்ற இடத்திலேயே எஞ்சினை முறுக்கச் சொன்னேன். எவ்வளவு முறுக்கினாலும் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. மறுபடி ஓடச் சொன்னேன். ஏறியது. தார் றோட்டில் ஏறினோம். அப்படியே நின்றுவிட்டது.

"எஞ்சின் அதுதான். ஓடினது நீங்கள்தான். மாறினது றோட்டு மட்டும்தான்," என்றேன். "நெருப்பை அது காணுறதில்லை, சில்லுத் தடுமாறுறதைத்தான் காணுது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ரயர் துள்ளித் துள்ளி உதைச்சால், அந்த உதை எஞ்சின் தண்டு வரைக்கும் போகாதோ? சில்லு அங்கையும் பிந்தும்தானே? நிண்ட இடத்திலை முறுக்கேக்கை ரயர் சுத்தேல்லை, அதுதான் ஒண்டுமில்லை. மூண்டு சிலிண்டரையும் ஒண்டாய்க் காட்டினதும் அதாலைதான். உள்ளுக்கை ஒருத்தரும் பிழை விடேல்லை. வெளியிலையிருந்து ஆரோ தள்ளினதை அது உள்வீட்டுப் பிழையெண்டு எழுதி வைச்சிருக்கு."

பரந்தன் சந்தி வந்தது. சந்தியில் நின்றபோது சொன்னார்:

"காரைச் செய்த ஜப்பான்காரன் இதை யோசிக்காமலோ விட்டிருப்பான்?"

"ஜப்பான்காரன் மச்சாள் வீட்டுக்கு வந்தவனே?"

அன்று பின்னேரம் முழுக்கப் பூதக்கண்ணாடியும் போனுமாக விறாந்தைக் கதிரையில் இருந்தார். பிறகு குசினிக்கு வந்து, தானே கண்டுபிடித்தது போல எனக்கு வாசித்துக் காட்டினார். கரடுமுரடான றோட்டு இப்படிப் பொய்யாக மிஸ்ஸிங் காட்டுவது உலகத்துக்கெல்லாம் தெரிந்த விஷயமாம். சில கார்களில் பிரேக்குக்கென்று ரயரோடு பூட்டிய சென்சர்களைக் கேட்டு, ரயர் துள்ளுகிறது என்று தெரிந்தால் கம்பியூட்டர் எண்ணுவதை நிறுத்திவிடுமாம். எங்கள் காருக்கு அந்த அறிவு இல்லையோ, அல்லது எங்கள் வாய்க்கால் கரையைக் கண்டு அதுவும் கையை விரித்துவிட்டதோ தெரியாது.

"பாத்தீங்களே," என்றேன். "அப்ப வவுனியாவுக்கு நான் ஓடலாம்."

"அதெப்பிடி?" என்றார். "கிறவல் றோட்டுப் பிழை உன்ரை பிழையில்லை. அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் ஏ-ஒன்பதிலை உன்ரை ரீடிங் ஒண்டும் என்னட்டை இல்லையே. இல்லாத ரீடிங்கை வைச்சு நான் என்னெண்டு சொல்லுறது?"

"ஓட விட்டால்தானே ரீடிங் வரும்!"

"அதுதான் பிரச்சினை," என்று பெருமூச்சு விட்டார். ஏதோ அந்தப் பிரச்சினைக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதது போல. நான் சட்டியை அடுப்பில் வைத்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

கண் வெட்டுகிற நாளுக்கு முதல் நாள் மருமகன் வானைக் கொண்டு வந்து காட்டினான். கழுவித் துடைத்து, கண்ணாடியில் புது மாலையெல்லாம் போட்டிருந்தான். இவர் கறுப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வானுக்குள் ஏறினார். ஸ்டியரிங்குக்குக் கீழே தடவினார். சீற்றில் மல்லாக்கப் படுத்துத் தலையைப் பெடல்களுக்குள் விட்டுத் தேடினார். கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தன.

"என்ன தேடுறியள், மாமா?"

"இதைச் செருகுற இடம் எங்கையடா?"

"அது பழைய வான், மாமா. உதுகளொண்டும் இதிலை கிடையாது."

இவர் மெல்ல வெளியே வந்தார். நரைத்த தலையில் தூசி. "அப்ப எஞ்சினுக்கை என்ன நடக்குதெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"சத்தம் மாறினால் தெரியும்தானே."

"பாட்டைப் போட்டுக்கொண்டு ஓடுற உனக்கு என்ன சத்தம் கேக்கும்?"

மருமகன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். அவன் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். இவர் வெகு நேரம் முற்றத்தில் நின்று வானையும் காரையும் நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. பிறகு குசினி வாசலில் வந்து நின்றார்.

"வானைப் பற்றி எங்களுக்கொண்டுமே தெரியாது," என்றார். "காரெண்டால், ஏதும் நடந்தால் உடனை சொல்லும்."

எனக்குக் கிடைத்த அனுமதி அவ்வளவுதான். போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை வீட்டு வாசலிலிருந்தே நான் ஓடினேன். காரைச் சுற்றி நடக்கவில்லை. ஏ-ஒன்பதில் ஏறியபோது எனக்கும் பயம்தான். அதை அவருக்குக் காட்டவில்லை. அவர் ஒரு கையால் ஹான்ட்பிரேக்கையும் மறு கையால் போனையும் பிடித்துக்கொண்டு வந்தார். முறிகண்டிக் கோயிலடியில் இறங்கித் தேங்காய் உடைத்தோம். வழக்கமாக ஒன்றுதான் வாங்குவார். அன்றைக்கு இரண்டு வாங்கினார். ஒன்று கண்ணுக்கு. மற்றது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கம்பளம் விரித்தது போன்ற காப்பற் றோட்டில் கார் வழுக்கிக்கொண்டு போனது. மாங்குளம் தாண்டியும் சைபர். போனைத் தட்டிப் பார்த்தார். நிறுத்தித் திரும்பப் போட்டார். குனிந்து பெட்டி கழன்றுவிட்டதா என்று தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சைபரும் அப்படியே இருந்தது. கொழும்புப் பக்கம் போகிற பஸ்ஸொன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு பின்னால் வர, நான் ஒதுங்கி வழி விட்டேன்.

"விடு, விடு, அவன் போகட்டும்!" என்றார்.

"அவன் போய்க் கன நேரம். முன்னாலை பாருங்கோ."

முன்னால் பார்த்தார். பஸ் தெரிந்திருக்காது. "ஓம், போய்ட்டான்," என்றார்.

ஆஸ்பத்திரியில் தாதி பெயர் பதிந்துவிட்டு, திரும்பி எப்படிப் போவீர்கள் என்று கேட்டார். நான் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

"மனுசி கார் ஓடுவா," என்றார் இவர்.

"கிளிநொச்சி வரைக்குமோ? அம்மாவோ?"

"ஓம். லைசென்ஸ் இருக்கு. முதல் தரத்திலையே பாஸ்." அந்த லைசென்சைத் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் போலச் சொன்னார். நான் பையிலிருந்து தலையை எடுக்கவில்லை. முகம் எப்படி இருந்ததோ தெரியாது, சந்தோஷத்தை அவருக்கு அவ்வளவு லேசில் காட்டுவதா என்றிருந்தது.

பின்னேரம் ஒரு கண்ணுக்கு மேல் பிளாஸ்ரிக் மூடி ஒட்டி வெளியே அனுப்பினார்கள். மற்றக் கண்ணும் பெரிய உதவியில்லை. காரில் ஏறியதும் மச்சாளின் போன் வந்தது. சோறு, மீன் குழம்பு எல்லாம் சமைத்து வைத்திருக்கிறாராம். தம்பியைக் கண்ணால் காணாமல் தனக்கு நித்திரை வராதாம். நேரே முரசுமோட்டைக்கு வரட்டாம். மச்சாள் சொன்னால் சொன்னதுதான்.

கார் ஓடத் தொடங்கியதும் அவருடைய கை தடவித் தடவிப் போய் ஹான்ட்பிரேக்கைப் பிடித்தது. மற்றக் கையால் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டு போனார். தூரக் கொண்டு போனார். ஒன்றும் தெரியவில்லை.

"எத்தினை காட்டுது?" என்று என்னிடம் நீட்டினார்.

"வாகனம் ஓடேக்கை போன் பாக்கக்கூடாது."

அவர் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே அதுதான். ஓமந்தை வந்தது, போனது. கொஞ்சத் தூரம் போய் மறுபடி கேட்டார்.

"சத்தம் ஒண்டும் கேக்கேல்லைத்தானே?"

"உங்களுக்குக் காது நல்லாய்த்தானே இருக்கு."

சரி என்று போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். டொக்டர் தந்த கண் மருந்துப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இந்த மனிதர் ஒரு எண்ணும் கையில் இல்லாமல் இவ்வளவு தூரம் இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பாவமாகவும் இருந்தது. சிரிப்பும் வந்தது. பஸ்கள் வந்தன, லொறிகள் வந்தன. கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையைக் கடந்து பரந்தனில் திரும்பினேன்.

வெயில் சாய்கிற நேரம் வாய்க்கால் கரைக்கு வந்து சேர்ந்தோம். வழக்கமாக இறங்கி மாறுகிற இடம். காரை மெதுவாக்கினேன். இன்றைக்கு மாறுவதற்கு ஆளில்லை. கண்ணைக் குலுக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னதால் ஆமை வேகத்தில் கிறவலில் இறக்கினேன். ஆனால் அந்த வரிகளுக்கு ஆமையென்றும் முயலென்றும் இல்லை. கார் தடதடக்கத் தொடங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்து மினுங்கியது. அவருடைய சட்டைப் பைக்குள்ளிருந்து போன் 'டிங்' என்றது. மறுபடியும் 'டிங்' என்றது.

எவ்வளவு வாதாடி வென்றிருந்தாலும் பழக்கம் விடுமா? என் கால் தானாகவே பெடலை விட்டு எழும்பியது. 'நிப்பாட்டு' என்று வரப்போகிறது என்று அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு கண் மூடி, மறு கண்ணால் ஒன்றும் தெரியாத றோட்டை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹான்ட்பிரேக்கில் கை இல்லை. இரண்டு கையாலும் மருந்துப் பையைப் பிடித்திருந்தார்.

"அது றோட்டு," என்றார். "நீ ஓடு."